மேற்காற்புள்ளி எழுத்தா, நிறுத்தக்குறியா? போடோ, டோக்ரி, மைதிலி எழுத்துமுறைகளில் ஒரு சிறு குறியின் கணினிக் குறியேற்றம்

மைதிலி உரைத்தொகுதி ஒன்றின் சொல்லடைவைச் சரிபார்க்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. கணினி தொகுத்தளித்த அவ்வடைவில் "க" என்னும் ஓரெழுத்துச் சொல் மிக உயர்ந்த வருகை எண்ணோடு முதற்பக்கத்திலேயே நின்றது. மைதிலியில் "க" என்பது ஆறாம் வேற்றுமை உருபு. "ராமக" என்றால் ராமனுடைய என்பது பொருள். உருபு பெயரோடு சேர்த்தே பெரும்பாலும் எழுதப்படுவதாகலின், அது தனிச்சொல்லாக இத்துணை முறை வருவதற்கு வழியில்லை. மூலத்தை எடுத்து நோக்கியபோது காரணம் விளங்கிற்று. அவ்விடங்களில் எல்லாம் ஆசிரியர்கள் எழுதியிருந்தது "க" அன்று, "கʼ" ஆகும். "செய்து" எனப் பொருள்படும் வினையெச்சம் அது. பிற வினைகளின் பின்னும் நின்று எச்சப்பொருள் தருவதனால் மைதிலி உரைநடையில் அடிக்கடி வருவது. அதன் வலப்பக்கத்து மேற்குறியைக் கணினி நிறுத்தக்குறியெனக் கொண்டு வெட்டி எறிந்திருந்தது. "கொண்டு" எனப் பொருள்படும் "லʼ", "கொடுத்து" எனப் பொருள்படும் "தʼ", "ஆகி" எனப் பொருள்படும் "பʼ" ஆகியவையும் இவ்வாறே தலையிழந்து நின்றன. அடைவைத் தயாரித்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எல்லோரும் கையாளும் பொதுவான மென்பொருளையே அவர்களும் கையாண்டிருந்தனர்.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இச்சிறு குறிக்குக் கணினியில் வெவ்வேறு குறியெண்கள் உள்ளன. அவற்றுள் எதனைத் தேர்கின்றோம் என்பதை அச்சகத்தார்க்கோ மென்பொருளாளர்க்கோ உரிய செய்தியாகக் கருதி மொழியியலார் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். உண்மையில் அது ஒரு மொழியியல் முடிவேயாகும் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகின்றது. தேவநாகரியில் எழுதப்படும் போடோ, டோக்ரி, மைதிலி ஆகிய மூன்று மொழிகள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எடுத்துக்காட்டுகள் தமிழெழுத்தில் பெயர்த்துத் தரப்படுகின்றன. ஒலிப்புடை ஒலிகளும் மூச்சொலிகளும் அவற்றில் மறைந்துவிடும் என்பதைப் படிப்போர் மனத்திற்கொள்க. குறியெண்களை ஒருங்குறித் தரம் பதினாறடி எண்களில் தரும்; இங்கு அவை பதின்மான எண்களாக மாற்றித் தரப்பட்டுள்ளன. மேலும், எடுத்துக்காட்டுச் சொற்கள் இரட்டை மேற்கோளுக்குள்ளேயே இடப்பட்டுள்ளன. அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

மூன்று எண்கள்

முதலாவது 39. தட்டச்சுப்பொறியில் இடம் குறைவாக இருந்தமையால் திறப்பு மேற்கோள், முடிப்பு மேற்கோள், ஆங்கிலத்தின் அபாஸ்ட்ரபி ஆகிய மூன்றுக்கும் நேராக நிற்கும் ஒரே கோடு பயன்பட்டது. 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் தரம் 128 இடங்களே கொண்டதாகலின் அதுவும் இந்தச் சிக்கனத்தைக் கைக்கொண்டது. விசைப்பலகையில் இன்றும் எளிதாகக் கைக்கு எட்டுவது இந்த 39ஆகும். பல நிரல்மொழிகளில் ஒரு சொற்சரம் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதைக் காட்டும் எல்லைக்குறியும் இதுவே. அதனால் படிவங்களில் இதனை இட்டால் சில நிரல்கள் ஏற்க மறுப்பதும், சில சொல்லாமலேயே நீக்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவது 8217. வளைந்த ஒற்றை முடிப்பு மேற்கோள் இது. சொற்செயலிகள் 39ஐத் தட்டினால் முன்னே இடைவெளி இருப்பின் 8216 ஆகவும், எழுத்து இருப்பின் 8217 ஆகவும் தாமே மாற்றிக்கொள்கின்றன. ஆங்கில நூல்களின் அபாஸ்ட்ரபி இன்று பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது 700. இதுவும் வளைந்தது, நல்ல எழுத்துருக்களில் 8217இலிருந்து பிரித்தறிய முடியாதது. ஆயினும் ஒருங்குறி இதனை நிறுத்தக்குறி வகையில் சேர்க்கவில்லை. முன்னெழுத்தின் ஒலிப்பை வேறுபடுத்தும் ஒருவகை எழுத்தாக, சார்நிலை எழுத்து எனத்தக்க வகையில் இதனை வைத்துள்ளது. இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி நோக்கத்தக்கது. தொடக்கப் பதிப்புகளில் ஆங்கில அபாஸ்ட்ரபிக்கும் 700ஏ உகந்ததெனப் பரிந்துரைக்கப்பட்டது. 1998இல் வெளியான 2.1ஆம் பதிப்பில் அப்பரிந்துரை 8217க்கு மாற்றப்பட்டது. ஆங்கிலத்திற்கு இதனால் நன்மையா தீமையா என்னும் விவாதம் நமக்கு வேண்டியதில்லை. அம்மாற்றத்தால் 700 உண்மையான எழுத்துப் பயன்பாட்டுக்கென விடுபட்டது என்பதே நமக்கு முக்கியம்.

எழுத்து என்றும் நிறுத்தக்குறி என்றும் வகைப்படுத்துவதால் என்ன நேர்கின்றது? ஒருங்குறி ஒவ்வொரு குறியெண்ணோடும் அதன் பண்புகளையும் சேர்த்து வெளியிடுகின்றது. எது சொல், எங்கு முடிகின்றது, அகரநிரலில் எதனைக் கணக்கிட வேண்டும், எதனைப் புறக்கணிக்கலாம் என மென்பொருள்கள் முடிவு செய்வது அப்பண்புகளைக் கொண்டேயாம். சொல்லெல்லையைப் பிரிக்கும் பொதுவிதி 39, 8217 ஆகிய இரண்டும் இரண்டு எழுத்துகளுக்கு இடையே வந்தால் சொல்லைப் பிரிப்பதில்லை; ஆங்கிலச் சுருக்கச் சொற்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட சலுகை அது. ஆனால் சொல்லின் இறுதியில் வந்தால் அக்குறியைச் சொல்லுக்குப் புறத்தே நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் சொல்லிறுதிக் குறி பெரும்பாலும் மேற்கோளின் முடிவாகலின் அம்மொழிக்கு இது பொருந்துகின்றது. மைதிலி வினையெச்சங்களோ குறியை இறுதியில் மட்டுமே உடையவை. சொல்லடைவில் அவை முழுவதும் அழிந்தது இதனாலேயே. 700 இடப்பட்டிருப்பின் இறுதியிலும் அது சொல்லின் உறுப்பாகவே நின்றிருக்கும்.

டோக்ரியின் சான்று

மூன்று மொழிகளுள் இச்சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டுவது டோக்ரி. பஞ்சாபியைப் போன்றே டோக்ரியும் இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த, தொனி உடைய மொழி. ஒலிப்புடைய மூச்சொலிகளும் ஹகரமும் வழக்கிழந்த இடங்களில், அவை அயலுயிரின்மேல் விட்டுச்சென்ற சுவடே தொனியாயிற்று. முன்பு டாக்ரி வகை எழுத்துகளில் எழுதப்பட்டுவந்த இம்மொழி பின்னர்த் தேவநாகரியை ஏற்றுக்கொண்டபோது, இத்தொனிகளை எவ்வாறு காட்டுவது என்னும் வினா எழுந்தது.

கிடைத்த விடை ஒருசீரானது அன்று. எனினும் பயன்பாட்டிற்கு ஏற்றது. சொன்முதலில் தாழ்தொனி வருமிடங்களில் பழைய மூச்சொலி எழுத்தையே எழுதுவர். குதிரையைக் குறிக்கும் சொல்லை இந்தியிற்போல் ஒலிப்புடைய மூச்சொலிக் ககரத்தால் எழுதி, வல்லொலிக் ககரத்தோடும் தாழ்தொனியோடும் ஒலிப்பர். உயர்ந்து இறங்கும் தொனி நெட்டுயிரின் பின் வருமாயின் ஹகர எழுத்தை எழுதுவர். அதே தொனி குற்றுயிரின் பின் வருமாயின் மேற்குறியை இடுவர். "சுர் சின்ஹ", அதாவது தொனிக்குறி என்பது அதன் பெயர். இந்தியில் "இன்ஹேம்" எனவரும் சுட்டுப்பெயரின் ஹகரம் டோக்ரியில் "இʼனேம்" என்புழித் தொனியாக மாறி, எழுத்தில் இக்குறியாக நிற்றல் காண்க. மூச்சொலிக் ககரத்தை முதலாகவுடைய "கல்ல" என்பது தோல். "கʼல்ல" என்பது கீழே. இவ்விணையில் பொருளைப் பிரிப்பது தொனி ஒன்றே. அத்தொனியை ஏட்டில் தாங்குவது இக்குறி ஒன்றே.

இப்போது குறியேற்றத்தை நோக்குவோம். நெட்டுயிரின் பின் இத்தொனியைக் காட்டும் ஹகரத்தின் குறியெண் 2361. அது எழுத்து என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. குற்றுயிரின் பின் அதே தொனியைக் காட்டும் குறியை 39 என்றோ 8217 என்றோ பதிந்தால், ஒரே ஒலியனின் ஒரு பாதி எழுத்தாகவும் மறுபாதி நிறுத்தக்குறியாகவும் கணினியில் அமையும். ஒரு பாதி அகரநிரலில் கணக்கிடப்படும். மறுபாதி பல நிரல்களில் புறக்கணிக்கப்படும். ஒரு பாதியைத் தேடினால் கிடைக்கும். மறுபாதி, தட்டியவர் எந்தச் சொற்செயலியைக் கையாண்டார் என்பதைப் பொறுத்தது. இலக்கணத்தில் இத்தகைய பிளவை எந்த மொழியியலாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். குறியேற்றத்தில் மட்டும் நாம் அதனைக் கவனியாது விடுகின்றோம்.

போடோவும் மைதிலியும்

போடோ திபெத்திய பர்மியக் குடும்பத்தைச் சார்ந்த தொனிமொழி. உரோமன் எழுத்து வேண்டும் என 1974இல் எழுந்த பெருங்கிளர்ச்சியில் உயிர்கள் பல மாண்டன. 1975இல் தேவநாகரி ஏற்கப்பட்டது. அவ்வெழுத்து ஏற்படுத்திய இடைவெளியை நிரப்பும் கருவிகளுள் ஒன்றாக மேற்குறி அமைந்தது. "கோஜௌ கமா" என அதனை அழைப்பர். கோஜௌ என்பது உயர்ந்தது. கமா என்பது நாமறிந்த காற்புள்ளியே. இக்கட்டுரைத் தலைப்பின் "மேற்காற்புள்ளி" அப்பெயரின் தமிழாக்கம்தான். அம்மக்கள் தம் மொழிக்கு வழங்கும் பெயரையே "பரʼ" என இக்குறியை இறுதியிற் கொண்டு எழுதுகின்றனர். 39ஐயோ 8217ஐயோ இட்டு எழுதப்பட்ட ஆவணத்தில், முன்னே கூறிய விதிப்படி, மொழியின் பெயரையே கணினி குறையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

மைதிலியில் இக்குறியின் பயன் வேறு. அங்கு இது தொனியைக் காட்டுவதன்று. "பிகாரீ காமா" என்னும் பெயரால் குற்றகரத்தின் நீட்டத்தையும், சொல் குறுகி நிற்றலையும் காட்டுவது. மைதிலியின் தனிச்சிறப்பு இக்குறிக்கு ஒரு மாற்று வழக்கில் உள்ளமை. "கʼ" என எழுதுவதற்குப் பதிலாகத் தேவநாகரியின் அவக்கிரகக் குறியை இட்டு எழுதுவோரும் பலர். எகரத்தை எழுதுவோரும் உளர். மூன்று வடிவங்களும் அச்சில் காணப்படுகின்றன. அவக்கிரகத்தின் குறியெண் 2365. அது எழுத்து வகையைச் சேர்ந்தது. எனவே பழைய முறையில் அவக்கிரகம் இட்டவர்களின் சொற்கள் கணினியில் சிதையாமல் நிற்க, புதிய முறையில் மேற்குறி இட்டவர்களின் சொற்கள் மட்டும் சிதைந்தன. முன்னர்க் கூறிய உரைத்தொகுதியிலும் இதுவே நேர்ந்தது. எழுத்தாளர் இருவரின் நடையை ஒப்பிட்டு, ஒருவர் வினையெச்சத்தை மிகுதியாகக் கையாள்கின்றார் என முடிவு கட்டுவோமானால், நாம் ஒப்பிட்டது நடையை அன்று, அவர்கள் தட்டிய விசையையே.

இக்குழப்பத்தின் வேர் 1991இல் வெளியான இஸ்கி என்னும் இந்தியத் தரத்திலேயே உள்ளது எனலாம். அது 256 இடங்களைக் கொண்டது. மேற்பாதியில் இந்திய எழுத்துகள் இடம்பெற்றன. கீழ்ப்பாதி ஆஸ்கியின் படியே. மேற்பாதியில் இத்தொனிக்குறிக்கு இடம் ஒதுக்கப்படாமையால், தேவைப்பட்டோர் கீழ்ப்பாதியின் 39ஐ எடுத்தாண்டனர். அக்காலத்தில் இம்மூன்று மொழிகளும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தத்தின் வழியே சந்தாலியோடு சேர்ந்து அவை அதில் இடம்பெற்றன. பாடநூலும் அகராதியும் மொழிபெயர்ப்பும் பெருகத் தொடங்கிய பின்னரே 39 என்னும் பழக்கத்தின் விலை தெரியவந்தது. ஒருங்குறித் தரம் தன் தேவநாகரி இயலில் இம்மூன்று மொழிகளையும் பெயர் சுட்டி, இக்குறிக்கு 700ஐயே பயன்படுத்துக எனக் கூறுகின்றது.

உடன் இடம்பெற்ற சந்தாலியின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. ரகுநாத் முர்மு 1925இல் படைத்த ஓல் சிக்கி எழுத்து 2008இல் ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பில் ஏறியபோது, அதன் ஒலிப்பை வேறுபடுத்தும் குறிகள் யாவும் தத்தமக்கெனத் தனி எண் பெற்றன; சார்நிலை எழுத்து வகையிலும் வைக்கப்பட்டன. தனக்கென எழுத்து உடைய மொழி பெற்ற இவ்வசதியை, எழுத்தை இரவல் பெற்ற மொழிகள் இரவற் குறியொன்றால் ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது.

தமிழ் படிப்போர்க்கு இது முற்றிலும் அயலான சிக்கலன்று. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவற்றைச் சார்ந்துவரும் மரபின எனத் தனித்து வகுத்தது தொல்காப்பியம். புள்ளி வடிவினதாயினும் ஆய்தம் நிறுத்தக்குறியன்று, எழுத்தே என்பதில் நம் மரபுக்கு மயக்கமில்லை. ஒருங்குறியோ ஆய்தத்திற்கு 2947ஆம் எண்ணைத் தந்து, வடமொழி விசர்க்கத்தின் பெயரைச் சூட்டிற்று. பெயர் பிழையெனினும் வகை எழுத்தாகவே இருப்பதால் சொல்லடைவில் "அஃது" இரண்டாக வெட்டுண்பதில்லை. வடமொழித் தோத்திரங்களைத் தமிழெழுத்தில் அச்சிடும் சில பதிப்புகளில் "க்ருʼஷ்ண" என ருகர உயிரைக் காட்ட இடப்படும் மேற்குறியும் ஒலியைக் காட்டுவதே. அங்கும் 700ஏ பொருந்தும்.

நடைமுறையில் நேர்வன

கொள்கை தெளிவாயினும் நடைமுறை எளிதன்று. முதலாவது, எளிதில் எட்டும் விசை 39ஐத் தருகின்றது. 700ஐத் தரும் விசை எங்குள்ளது என்பதைப் பலர் அறியார். இரண்டாவது, தேவநாகரி எழுத்துருக்கள் சிலவற்றில் 700க்கு வடிவமே இராது. கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அதனை இரவல் வாங்கும்போது குறி சற்றே பெருத்தோ விலகியோ நிற்கும். அதனைக் கண்ட அச்சுத்திருத்துநர் "அழகாக இல்லை" என 39ஆக மாற்றிவிடுவதையும் பார்த்திருக்கின்றோம். மூன்றாவது, கண்ணால் பிரித்தறிய இயலாமையே ஓர் இடர். இணையத் தளப்பெயர்களின் உச்ச அடுக்குக்கு ஏற்கப்பட்ட எழுத்துப் பட்டியலில் 700 இடம்பெறாமைக்கு, நிறுத்தக்குறியோடு மயங்கும் அதன் தோற்றமே காரணம். ஏமாற்றுப் பெயர்களைத் தடுப்பதற்கான அவ்வெச்சரிக்கை நியாயமானதே. அதன் சுமை இம்மூன்று மொழியினர் தோளில் விழுந்தது என்பதும் உண்மையே.

எனவே "மக்கள் 39ஐயே தட்டுகின்றனர், மென்பொருளைத் திருத்துவோம், உரையை விட்டுவிடுவோம்" என வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தில் பாதி ஏற்கத்தக்கது. தேடும் கருவி 39, 8217, 700 ஆகிய மூன்றையும், மைதிலிக்கு 2365ஐயும் சேர்த்து, ஒன்றெனக் கொள்ளவேண்டும்; தேடுவோர் எண்களை அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் சேமித்துவைக்கும் உரை அவ்வாறு இருத்தலாகாது. உரை ஒரு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடுவதில்லை. இம்மொழிகளை அறியாத எத்தனையோ கருவிகளின் வழியே அது செல்லவேண்டியுள்ளது. அவை ஒவ்வொன்றிற்கும் டோக்ரி இலக்கணத்தைக் கற்பிப்பதைவிட, உரையில் சரியான எண்ணை ஒருமுறை இடுதல் எளிது. தேடலில் தாராளமும் சேமிப்பில் கண்டிப்பும் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் நேரடியான இழப்பு உண்டு. மொழிபெயர்ப்பு நினைவகக் கருவிகள் முன்னர்ப் பெயர்த்த தொடரை மீளக் கண்டு தருவன. ஒரு கோப்பில் 39ஆக இருந்தது மறுகோப்பில் சொற்செயலியின் தன்விருப்பத்தால் 8217 ஆகிவிட்டால், எழுத்துக்கு எழுத்து ஒத்த தொடரும் முழுப்பொருத்தமாகக் கிடைப்பதில்லை. பெயர்த்ததையே மீண்டும் பெயர்க்க நேர்கின்றது. இப்பணியில் ஈடுபடுவோர் சொற்செயலியின் இத்தானியங்கி மாற்றத்தை முதலில் நிறுத்திவைத்தல் நலம்.

பழைய கோப்புகளைத் திருத்தும்போது 39 அனைத்தையும் 700 என ஒரே வீச்சில் மாற்றுதல் ஆகாது. அடியளவையும் மணித்துளியையும் காட்டவும், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களிலும், மேற்கோளாகவும் அதே எண் வந்திருக்கும். இரு தேவநாகரி எழுத்துகளுக்கு நடுவே வருவதை ஐயமின்றி மாற்றலாம். டோக்ரியின் "இʼனேம்", "கʼல்ல" போன்றவை பெரும்பாலும் இவ்வகையில் அடங்கிவிடும். சொல்லிறுதியில் வருவதே தொல்லை. மைதிலிக்குக் "கʼ", "லʼ", "தʼ", "பʼ" முதலிய சிறு சொற்களின் பட்டியல் ஒன்றை முன்கூட்டி அமைத்துக்கொண்டு அவற்றை மட்டும் மாற்றுதல் நல்ல தொடக்கம். போடோவுக்குப் பட்டியல் நீளும். அகராதியின் துணை வேண்டும். புதிதாக எழுதப்படும் உரைகளில் மேற்கோளுக்கு இரட்டைக் குறியையே இடுவது என ஒரு பதிப்பகம் உறுதிகொண்டால், ஒற்றைக்குறி முழுவதும் ஒலிக்கென விடுபடும். இக்கட்டுரையிலும் அதுவே பின்பற்றப்பட்டது. மூலப்படியை மாற்றாமல் தனியே வைத்திருத்தலும் இன்றியமையாதது. அவக்கிரகத்தை 700 ஆகவோ 700ஐ அவக்கிரகமாகவோ மாற்றும் உரிமை தொகுப்பாளர்க்கு இல்லை. அது ஆசிரியரின் எழுத்துத் தேர்வு.

மைதிலியில் சொற்குறுக்கத்தைக் காட்ட வரும் குறி மட்டும் ஆய்வுக்குரியதாக எஞ்சுகின்றது. நீட்டம் ஒலி சார்ந்தது. குறுக்கம் ஆங்கில அபாஸ்ட்ரபியின் செயலை ஒத்தது. கண்டிப்பாக நோக்கின் பின்னதற்கு 8217 பொருந்தும் எனலாம். தரம் இரண்டையும் 700இலேயே அடக்கிவிட்டது. ஒரே சொல்லில் விகுதி குறுகியதாலேயே உயிர் நீண்டது எனக் கொள்ளத்தக்க இடங்கள் மைதிலியில் இருப்பதனால், இரண்டையும் பிரிக்க முற்படுவது பயன்தராது என்றே தோன்றுகின்றது.

முதலிற் குறிப்பிட்ட சொல்லடைவை இம்முறைப்படி திருத்தி மறுமுறை எடுத்தபோது, "க" முதற்பக்கத்திலிருந்து இறங்கியது. "கʼ" அவ்விடத்தைப் பிடித்தது. பட்டியலில் இடம்பெற்றிருந்தும் பிழையாக மாறிய சில இடங்களும் கண்ணிற்பட்டன. தொகுதியிலிருந்த நாடகம் ஒன்றில் உரையாடல் முழுவதும் ஒற்றை மேற்கோளுக்குள் அச்சாகியிருந்தது. "த" என்னும் ஓரெழுத்தில் முடிந்த கூற்றுகளின் மேற்கோள் முடிவு தொனியற்ற இடத்தில் எழுத்தாகிவிட்டிருந்தது. அவற்றை நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே திருத்த வேண்டியதாயிற்று.